படிப்புக் கடன் தவணை, வீட்டில் ஆறு பிள்ளைகள்: வங்கியிடம் எதைக் காட்டுவது?

கணக்குக்காரி, ஹட்டன்

வணக்கம். வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களும் வங்கி விவரம் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம்தான். இலக்கங்களைச் சொல்லாமல் கேட்டால் "கடவுள் இருக்கிறார் தங்கச்சி" என்று பதில் வரும் என்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதினேன். மூன்று பாடமும் சித்தி. ஆனால் அரச பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. இப்படி வாசலில் நின்றுவிட்டவர்களுக்காக அரசு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டத்தில் 2019இல் சேர்ந்து, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வணிக முகாமைத்துவம் படித்தேன். வட்டி அரசின் பொறுப்பு, முதல் என் பொறுப்பு. எட்டு இலட்சம். இடையில் கொரோனா வந்தது. அது முடிய 2022 வந்தது. பெற்றோல் வரிசை, மின்வெட்டு எல்லாவற்றையும் தாண்டிப் பட்டம் கைக்கு வந்தபோது கொழும்பில் கிடைத்த வேலையின் சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போனதும் ஹட்டனுக்குத் திரும்பிவிட்டேன். தம்பி இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறான்.

டிக்கோயா வீதிப் பக்கம் வாடகை வீடு. பக்கத்து வீட்டு ஆசிரியைக்குப் பிரசவ விடுமுறை முடிந்ததும் அவருடைய குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். இப்போது நான்கு பிள்ளைகள் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை இருக்கிறார்கள். இருவர் ஆண்டு இரண்டில் படிப்பவர்கள், பாடசாலை ஒன்றரைக்கு விட்டதும் வருவார்கள்.

முழு நாள் பிள்ளைக்கு 9,000 ரூபா, பின்னேரப் பிள்ளைக்கு 5,000 ரூபா. மொத்தம் 46,000. செலவு இது: வாடகை 14,000, சாப்பாடும் பால்மாவும் 11,000, எரிவாயு சுமார் 3,700, தண்ணீரும் மின்சாரமும் 2,500, சவர்க்காரம், கிருமிநாசினி வகையறா 1,500. மிச்சம் 13,300. கடன் தவணை மாதம் 9,500. கழித்தால் 3,800. இதில்தான் அம்மாவின் மருந்து, தம்பியின் டியூசன், என்னுடைய பஸ் காசு.

இது நல்ல மாதத்துக் கணக்கு. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரில் பாடசாலை விடுமுறை வரும். ஆசிரியைகள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளை வராது, பாதிக் காசுதான் தருவார்கள். இன்னொரு பக்கம், புடவைக் கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் தாய்க்குத் தீபாவளிக்கும் நத்தாருக்கும் இரவு எட்டு மணி வரை வேலை. அந்தப் பிள்ளைக்கு இரவுச் சாப்பாடும் நான்தான் கொடுக்கிறேன். அதற்கு மேலதிகமாகக் கேட்க வாய் வருவதில்லை. அவருடைய சம்பளமே முப்பதாயிரத்தைத் தாண்டாது. நாட்டில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500இலிருந்து 27,000 ஆகி, 2026 ஜனவரியில்தான் 30,000 ஆனது. அந்த 30,000இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றை என்னிடம் தருகிறவரிடம் இன்னும் எவ்வளவு கேட்பது? ஆகவே என் வருமானத்தின் உச்சவரம்பை நான் தீர்மானிப்பதில்லை. புடவைக் கடை முதலாளி தீர்மானிக்கிறார்.

இப்போது இரண்டு தவணை நிலுவை. வங்கிக்குப் போய், தவணையைக் குறைத்து வருடத்தைக் கூட்டித் தரும்படி கேட்டேன். சம்பளச் சிட்டை அல்லது வேலை செய்யும் இடத்தின் கடிதம் கொண்டுவரச் சொன்னார் அங்கிருந்த உத்தியோகத்தர். முதலாளி நான்தான், கடிதத்தில் நானே கையெழுத்து வைத்துத் தரலாமா என்று கேட்டேன். பேனையை மூடி வைத்துவிட்டார்.

பிணை நின்றவர் என் தாய்மாமா. புகையிரதத் திணைக்களத்தில் வேலை. தன் மகளின் கல்யாணத்துக்கு அவர் கடன் கேட்கப் போகிறார். என் நிலுவை அவருடைய கிரிப் அறிக்கையில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவில், ஏறினால் அந்த வீட்டில் என் முகம் எப்படி இருக்கும்?

என் கேள்விகள் இவை. சம்பளச் சிட்டை இல்லாதவர் வருமானத்தை எப்படி நிரூபிப்பது? கட்டணத்தைக் கூட்டினால் பிள்ளைகள் போய்விடுவார்களா? மூன்றாவது, வாராவாரம் கட்டும் குழுக் கடன் ஒரு இலட்சம் தருவதாக ஒரு கம்பனிப் பெண் வீடு தேடி வந்தார். அதை எடுத்து நிலுவையைத் தீர்த்து, மிச்சத்தில் நான்கு சிறிய கட்டில்களும் தரைவிரிப்பும் வாங்கலாமா? ஹட்டன் குளிரில் பாயில் படுக்கும் பிள்ளைகளுக்குச் சளி விடுவதே இல்லை.

ஊவாக்காரி, பண்டாரவளை

தங்கச்சி, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில். எடுக்காதே. மாதக் கடனைக் கட்ட வாரக் கடன் எடுத்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்தால் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது பால்மா. நீ ஏன் வாங்குகிறாய்? 400 கிராம் பக்கற் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒன்றரை வயதுப் பிள்ளை எத்தனை தரம் குடிக்கும்? என் வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுவேன்: பால்மா, போத்தல், பம்பர்ஸ், ஒரு மாற்று உடுப்பு, ஒரு போர்வை இவையெல்லாம் தாயின் பொறுப்பு. பக்கற்றில் பிள்ளையின் பெயரை எழுதி வைப்பேன். நான் கொடுப்பது மதியச் சோறும் பின்னேரத்துக்கு ஏதாவது ஒன்றும். கடலை, அவித்த கிழங்கு, ரொட்டி. உன் 11,000 அப்போது ஆறாயிரத்துக்கு இறங்கும். கட்டணத்தில் ஒரு ரூபாவும் கூட்டாமல் ஐயாயிரம் கைக்கு வருகிறது. தாய்மார் இதற்குக் கோபிக்க மாட்டார்கள், தங்கள் பிள்ளை எந்தப் பால் குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் விருப்பம்தான்.

விடுமுறைப் பாதிக் காசு என்ற வழக்கத்தை இந்த டிசம்பருக்கு முன்னாலேயே நிறுத்து. பிள்ளை வராவிட்டாலும் அதன் இடம் காலியாக இருக்கிறது, வேறு பிள்ளையை அங்கே உட்கார வைக்க முடியாது. வீட்டு வாடகைக்காரன் ஊருக்குப் போன மாதம் வாடகை தராமல் இருப்பானா? மாதம் ஐந்தாம் திகதிக்குள் முழுக் காசு, முன்கூட்டியே. ஆசிரியைகளுக்குச் சம்பளம் விடுமுறையிலும் வருகிறது, அவர்களிடம் இதைச் சொல்ல வெட்கப்படாதே. புடவைக் கடைத் தாய்க்கு மட்டும் சலுகை செய்ய நினைத்தால் செய், அது உன் மனம். ஆனால் ஆறரைக்குப் பிறகு அரை மணிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையாவது வை. தொகை இல்லாவிட்டால் எட்டு மணி ஒன்பதாகும். நான் கண்டிருக்கிறேன்.

வருமானத்தைக் காட்டுவது பற்றி: ரசீதுப் புத்தகம். பிள்ளையின் பெயர், மாதம், தொகை, உன் கையெழுத்து. தாய்க்கு ஒன்று, உனக்கு ஒன்று. வாங்கிய காசை அப்படியே சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு தேவைக்கு எடு. கையில் வாங்கிக் கையாலேயே கடைக்குக் கொடுத்தால் உன்னிடம் காசு இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

பதிவு செய்துவிட்டாயா? பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கு ஓர் உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் போ. அதோடு வியாபாரப் பெயர்ப் பதிவும் செய்துகொள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கழிப்பறை, குடிநீர், சமையலறைக் கதவு எல்லாம் பார்ப்பார். என் வீட்டில் படிக்குக் கம்பிக் கதவு போடச் சொன்னார், போட்டேன். வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வேண்டும், அதை அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேள்.

மஸ்கெலியா மலை

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது, பரவாயில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். 2024 செப்டெம்பரில்தான் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,350 ஆனது, பிறகு கொஞ்சம் கூடியது. அதுவும் நிறை சரியாக இருந்தால். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். அட்டைக்கடியும் குளவிக்கொட்டும் கணக்கில் இல்லை. இந்தப் பெண்களின் கழுத்திலும் நுண்கடன் இருக்கிறது. 2018இல் அரசு பெண்களின் நுண்கடனில் ஒரு இலட்சம் வரை தள்ளுபடி செய்தது நினைவிருக்கிறதா? வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு என்றார்கள். வடக்கு, கிழக்கு, அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், புத்தளம். நுவரெலியா இல்லை, பதுளை இல்லை. எங்களுக்கு மழை அதிகமாம். கடன்காரன் மழை பார்த்தா வருகிறான்?

ஆகவே பட்டதாரித் தங்கச்சிக்குச் சலுகை கேட்டால், அந்த வரிசையில் என் அம்மா முன்னால் நிற்கிறார் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வட்டியில்லாமல் எட்டு இலட்சம் எங்கள் லயத்தில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்கும் யாரும் கொடுத்ததில்லை.

பேரேடு (ஓய்வுபெற்ற வங்கியாளர், பதுளை)

மகள், உங்கள் இலக்கங்கள் தெளிவாக இருக்கின்றன. முப்பது வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன், இப்படி எழுதிக்கொண்டு வருபவர்கள் குறைவு.

முதல் விடயம் காலம். தவணை 90 நாளைத் தாண்டினால் வங்கியின் புத்தகத்தில் உங்கள் கடன் செயற்படாக் கடன் என்ற வகுப்புக்குப் போய்விடும். அதற்குப் பிறகு கிளை முகாமையாளர் நல்லவராக இருந்தாலும் அவருடைய கை கட்டப்பட்டிருக்கும். இரண்டு தவணை நிலுவை என்றால் உங்களுக்கு இருப்பது சில வாரங்கள். அதற்குள் ஒரு தவணையையாவது கட்டுங்கள். முழுதாக முடியாவிட்டால் பகுதியாகக் கட்டுங்கள். காசாளரிடம் எந்தக் கணக்குக்குச் சேர்கிறது என்று கேட்டுச் சிட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாயால் கேட்காதீர்கள். கடிதம் கொடுங்கள், தமிழிலேயே. அதற்கான உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, மொழிபெயர்ப்பது அவர்கள் வேலை. மீளட்டவணைப்படுத்தல் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள், தவணையைக் குறைத்து வருடத்தைக் கூட்டுவதற்கு வங்கி வைத்திருக்கும் பெயர் அதுதான். "உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் கோப்பில் போட்டுவிடுவார்கள். எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களே ஒரு தொகையை எழுதுங்கள். 5,500 என்றால் 5,500. அந்தத் தொகைக்கு ஆதாரமாக ஆறு மாதக் கணக்கு, ரசீதுகளின் பிரதி, சேமிப்புப் புத்தகத்தின் பிரதி. பிள்ளைகளின் பெற்றோரில் அரச ஊழியர்களான இருவரிடம் "எங்கள் பிள்ளையை இன்னார் பார்த்துக்கொள்கிறார், மாதம் இவ்வளவு கொடுக்கிறோம்" என்று கடிதம் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் சேர்ந்தால் அது சம்பளச் சிட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடிதத்தைக் கிளையில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால். பதிலே வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கம் இருக்கிறது.

மூன்றாவது, மாமாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பிணை நின்றவருக்குக் கடைசியில் தெரியவருவதுதான் குடும்பங்களை உடைக்கிறது, நிலுவை அல்ல. அவர் தன்னுடைய கிரிப் அறிக்கையைத் தானே விண்ணப்பித்துப் பார்க்கலாம். கல்யாணக் கடனுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் பார்ப்பது நல்லது.

வருமான வரி பற்றிப் பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனிநபர் விலக்கு. உங்கள் மொத்த வரவே ஐந்தரை இலட்சம். பதிவு செய்தால் வரிக்காரர் வருவார் என்று ஊரில் பயமுறுத்துவார்கள், கேட்க வேண்டாம்.

மஸ்கெலியாத் தம்பி சொன்ன 2018 விடயம் சரி. மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த கடன்களுக்கு அது. அதில் ஒரு பாடம் இருக்கிறது: தள்ளுபடி எப்போதும் ஒரு பட்டியலோடு வரும், பட்டியலை எழுதுபவர் நம் ஊரைப் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் மகளிடம் நான் தள்ளுபடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடல் தாண்டிய கண்டிக்காரி

நான் கண்டியில் பிறந்து இப்போது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் நாத்தனார் இங்கே வீட்டில் பிள்ளை பார்க்கிறார். படிப்புக் கடனும் இருக்கிறது. கணக்குக்காரியின் பதிவைப் படித்துக் காட்டினேன். டொலரை ரூபாவாக்கினால் என் கதைதான் என்றார்.

இங்கே பொதுச் சேவையில் இருப்பவர்களுக்கு 2007இல் ஒரு கடன் மன்னிப்புச் சட்டம் வந்தது. மாதத் தவணை 120 தடவை கட்டினால், அதாவது பத்து வருடம், மிச்சக் கடன் இல்லாமல் போகும். ஆனால் வேலை அரசிடமோ இலாப நோக்கற்ற அமைப்பிடமோ முழுநேரமாக இருக்க வேண்டும். இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவருக்கு அந்தச் சலுகை உண்டு. அதே வயதுப் பிள்ளைகளைத் தன் வீட்டில் பார்ப்பவர் சுயதொழிலாளி, ஆகவே இல்லை. 2022இல் ஜனாதிபதி பைடன் குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பத்தாயிரம் டொலர் வரையும், அவர்களில் வறிய மாணவர்களுக்கான பெல் உதவி பெற்றவர்களுக்கு இருபதாயிரம் வரையும் தள்ளுபடி என்று அறிவித்தார். நாத்தனார் அன்றைக்குப் பாயசம் வைத்தார். 2023 ஜூன் 30இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்துவிட்டது.

ஆனால் இரண்டு விடயம் இங்கே நன்றாக இருக்கிறது. ஒன்று, வீட்டில் பார்க்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதியை மத்திய அரசின் உணவுத் திட்டம் திருப்பித் தருகிறது. அதில் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். மற்றது வரிக் கணக்கு. வீட்டின் எத்தனை பங்கு பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயன்படுகிறது என்று பெருக்கி, வாடகையிலும் மின்சாரத்திலும் அந்த விகிதத்தைத் தொழிற்செலவாகக் கழிக்கலாம். கணக்குக்காரி 14,000 வாடகை முழுவதையும் பிள்ளைகளின் தலையில் போட்டிருக்கிறார். அந்த வீட்டில் அவரும் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்களே. பாதியைத்தான் தொழிலுக்கு எழுத வேண்டும். அப்போது தொழில் இலாபம் இருபதாயிரத்தைத் தாண்டும்.

பேரேடு

அம்மா, நீங்கள் சொல்வது கணக்கியலில் சரி, வங்கி மேசையில் ஆபத்து. இலாபம் இருபதாயிரம் என்று காட்டிவிட்டு 9,500 கட்ட முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். இரண்டு கடதாசி வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் எதிர்காலத்தில் தொழிற்கடன் கேட்பதற்கும் தொழிலின் வரவு செலவு. அதில் வாடகைப் பாதி. தவணையைக் குறைக்கக் கேட்கும் கடிதத்தோடு குடும்பத்தின் வரவு செலவு. அதில் முழு வாடகை, தாயின் மருந்து, தம்பியின் படிப்பு. இரண்டும் உண்மை, தலைப்பை மட்டும் தெளிவாக எழுதினால் போதும்.

கணக்குக்காரி

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "கடிதத்தில் என் பெயரையும் போடு, நானும் கையெழுத்து வைக்கிறேன்" என்றார். கிரிப் அறிக்கைக்கு விண்ணப்பிக்கவும் ஒப்புக்கொண்டார். ஒரு தவணை கட்டியாகிவிட்டது, சீட்டுக் காசை முன்கூட்டி எடுத்து.

மஸ்கெலியா அண்ணன், கோபமில்லை. வரிசையில் உங்கள் அம்மா முன்னால் நிற்கட்டும், எனக்குச் சம்மதம். என் அம்மாவும் அதே வரிசைதான், கொழுந்துக்குப் போனவர். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்க எழுபதுகள் ஆனது. அந்தத் தாமதத்துக்கான தவணையைத்தான் நான் கட்டுகிறேன் என்று சில இரவுகளில் தோன்றும். வங்கிக்கு எழுதும் கடிதத்தில் இதை எழுத முடியாது, உங்களிடம் சொல்லலாம்.

நீங்கள் பிள்ளை மடுவம் என்று சொன்னதால் ஒன்று கேட்கிறேன். அங்கே பிள்ளை பார்க்கும் பெண்ணுக்குத் தோட்டம் சம்பளம் கொடுக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறியபோது தொழிலாளர் நலனுக்காக அமைத்த ட்ரஸ்ட், பயிற்சியும் மேற்பார்வையும் செய்கிறது. தாயிடம் காசு கேட்பதில்லை. அதாவது தாய் வேலைக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும், அந்தச் செலவு வேலை கொடுப்பவரின் செலவு என்பது தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. நல்ல மனத்தால் அல்ல, கொழுந்து முற்றிவிடும் என்பதால். ஹட்டன் டவுனில் உள்ள புடவைக் கடைக்கும் வங்கிக்கும் பாடசாலைக்கும் அது இன்னும் தெரியவில்லை. 30,000 ரூபாத் தாயும் 13,300 ரூபா நானும் அந்தச் செலவை எங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கிறோம். என் கடனைத் தள்ளுபடி செய்வதை விட, அந்தப் புடவைக் கடை தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மாதம் மூவாயிரம் கொடுத்தால் எனக்குப் போதும், தவணையை நானே கட்டிக்கொள்வேன்.

அக்கா, பால்மா விடயத்தைத் தாய்மாரிடம் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. விடுமுறைக் காசு பற்றிச் சொன்னபோது ஓர் ஆசிரியை முகத்தைச் சுளித்தார், "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். போனால் போகட்டும் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. அவருடைய பிள்ளை என்னை "அத்தை" என்று கூப்பிடும், அது வேறு தொல்லை. பின்னேரப் பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்து 6,000 என்று சொல்லியிருக்கிறேன்.

குழுக் கடன் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். கட்டிலுக்கு வழி தெரியவில்லை. இன்னொன்று, வீட்டு உரிமையாளர் சம்மதக் கடிதம் தர வாடகையை இரண்டாயிரம் கூட்டிக் கேட்கிறார். கொடுக்கலாமா?

மஸ்கெலியா மலை

தங்கச்சி, புடவைக் கடைக் கணக்கு எனக்கு இதுவரை தோன்றாதது. ஒத்துக்கொள்கிறேன்.

கட்டிலுக்கு: எங்கள் பக்கத்தில் ஒரு தச்சர் தேயிலைப் பெட்டிப் பலகையில் தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குத் தட்டு அடித்துத் தருகிறார். மடுவத்துக்கும் அவர்தான் செய்து கொடுத்தார். மேலே பாய், அதன்மேல் போர்வை. ஈரம் ஏறாது. விலை கட்டிலில் கால்வாசிகூட வராது. ஹட்டனுக்கு லொறியில் அனுப்பலாம், வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள்.

லயத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இந்த வழி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை லயத்து வீட்டில் பிள்ளை பார்க்கக் கேட்டாள். வீடு கம்பனியுடையது, நமக்குக் காணி உறுதி இல்லை, தோட்டத் துரை (முகாமையாளர்) கையெழுத்து வைக்காமல் பதிவு நகராது என்றார்கள். கடைசியில் ஊரில் அறை எடுத்தாள்.

ஊவாக்காரி

இரண்டாயிரம் கொடுக்காதே. ஆயிரத்துக்குப் பேசு, ஆனால் கடிதம் கைக்கு வந்த மாதத்திலிருந்துதான் கூடும் என்று சொல். கடிதத்தில் "குழந்தைப் பராமரிப்பு நடத்தச் சம்மதம்" என்பதோடு எத்தனை வருடம் என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் படிக்குக் கம்பிக் கதவு போட்டு, கழிப்பறை திருத்தி முடித்த அடுத்த மாதம் வீட்டை விடச் சொல்லுவார். எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. ஆக மூன்று வருடமாவது கேள். படிக் கதவுக்கு நீ செலவு செய்கிறாய் என்பதையும் அதிலேயே எழுது.

முகம் சுளித்த ஆசிரியை போக மாட்டார். ஹட்டனில் ஏழு மணிக்குக் கதவு திறக்கும் வேறு வீடு அவருக்கு எங்கே இருக்கிறது? ஆனால் எழுதிக் கொடு, வாயால் சொல்லாதே. ஒரு பக்கத்தில் கட்டணம், திகதி, விடுமுறை, தாமதம், பால்மா. கீழே இருவரும் கையெழுத்து. பேரேடு ஐயா சொன்ன வங்கிக் கடிதத்தோடு அந்தப் பக்கங்களின் பிரதியையும் வைக்கலாம்.

ரசீதுப் புத்தகம் வாங்கும்போது காபன் வைத்து இரட்டைப் பக்கம் உள்ளதாகவும் இலக்கம் அச்சடித்ததாகவும் பார்த்து வாங்கு. இலக்கம் இல்லாத புத்தகத்தை எந்த உத்தியோகத்தரும் மதிக்க மாட்டார்.

பேரேடு

இலக்கம் பற்றிச் சொன்னது மிகச் சரி. பழைய மாதங்களுக்கு இப்போது உட்கார்ந்து ரசீது எழுத வேண்டாம், மகள். மை ஒரே மாதிரி இருந்தால் கண்டுபிடித்துவிடுவோம். பழைய மாதங்களுக்குப் பெற்றோரின் கடிதம் போதும். இந்த மாதத்திலிருந்து ரசீது.

கணக்குக்காரி

சரி ஐயா. கடிதத்தைச் சனிக்கிழமை எழுதி இங்கே போடுகிறேன், வங்கிக்குக் கொடுப்பதற்கு முன்னால் திருத்தித் தாருங்கள். மஸ்கெலியா அண்ணன், தட்டு நான்கு வேண்டும், நீளம் மூன்றரை அடி.

மஸ்கெலியா மலை

நான்கு அடியாக அடிக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் வளருவார்கள்.